அலை இல்லாத இடம்

நத்தானியேலின் கண்ணைப் பற்றி ஆம்பூர் டேனரிகளில் ஒரு பேச்சு இருந்தது. ஐம்பது கறுப்புத் தோல்களை வரிசையாகப் போட்டால், நேற்றுக் கலந்த கறுப்பு எது, இன்றைக்குக் கலந்தது எது என்று பிரித்துவிடுவார். மற்றவர்களுக்கு ஐம்பதும் ஒன்றாகத்தான் தெரியும். ஃபினிஷிங் செக்‌ஷனில் ஷேடு பார்ப்பது அவர் வேலை. வெளிநாட்டில் தோல் வாங்குகிற பையர்கள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை அனுப்புவார்கள். அதற்கு மாஸ்டர் சாம்பிள் என்று பெயர். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே நிறம் விழும்வரை பிக்மென்ட்டையும், அது தோலில் பிடிக்க அக்ரிலிக் பைண்டரையும் கலந்துகொண்டே இருக்க வேண்டும். நிறம் சரியானதும் ஸ்ப்ரே அடிப்பார்கள். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், சூடு போட்ட அடையாளம் எல்லாம் அந்தப் பூச்சுக்குள் போய்விடும். மாடு எப்படி வாழ்ந்தது என்று தோலைப் பார்த்துச் சொல்ல முடியாமல் செய்வதுதான் நல்ல ஃபினிஷிங் என்பார்.

இதை எழுதுகிற நான் மோசஸ் வாத்தியாரின் மகள். நத்தானியேல் கொடுத்த புகாரால் ஆறு வருடம் கோர்ட்டுக்கு அலைந்தவர் என் அப்பா. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். இதில் கொஞ்சம் நான் கண்ணால் பார்த்தது. மீதி, நத்தானியேலோடு இருபது வருடம் ஒரே செக்‌ஷனில் நின்ற அப்துல் வஹீத் பாய் சொன்னதும், நத்தானியேலே கடைசியில் என் அப்பாவிடம் சொன்னதும்.

மாதனூரில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் சர்ச் மட்டும்தான். அவருடைய மனைவி லில்லி ஆன்ட்டி ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தார். காலை ஆறேகாலுக்குக் கம்பெனி பஸ் வரும். ஒரே மகன் ஷாஜின் பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தான். நீச்சலில் அவனை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆள் இல்லை. டேனரித் தண்ணீர் இறங்காத கிணறுகள் அப்போது மூன்றோ நான்கோ மிச்சம் இருந்தன. அவற்றில் பெரிய கிணற்றில், மோட்டார் ரூம் மேல் ஏறிக் காலை மடக்கிக்கொண்டு குதிப்பான். அடிவரை போய் ஒரு பிடி சேற்றை அள்ளிக்கொண்டு மேலே வருவான். எங்கள் ஊரில் நீச்சல் என்றால் அதுதான். குதித்த இடத்திலேயே மேலே வந்துவிட்டால் நீச்சல் தெரியும் என்று அர்த்தம்.

1996 மே மாதம் சர்ச்சின் வாலிபர் ஐக்கியம் மகாபலிபுரத்துக்கு ஒரு நாள் பயணம் ஏற்பாடு செய்தது. பதினெட்டுப் பையன்கள். பொறுப்பு என் அப்பாவுக்கு. அந்தச் சனிக்கிழமை காலை, கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிய லில்லி ஆன்ட்டி வாசலில் நின்று கணவரிடம் சொன்னார்.

"வாத்தியார் கிட்ட சொல்லிடுங்க. இவனைத் தண்ணில எறக்க வேணாம்னு. எனக்கு மனசே சரியில்ல."

"சொல்றேன். நீ போ, பஸ் வந்துடும்."

"மறந்துடாதீங்க."

"அதான் சொல்றேன்னேன் இல்ல."

எட்டு மணிக்கு சர்ச் வாசலில் வேன் நின்றது. என் அப்பா படியில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். நத்தானியேல் பக்கத்தில் போனார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகன் காதில் விழும்படி, "சார், இவன் கெணத்து மீனு. பயப்படாம தண்ணில விடுங்க. மத்த பசங்களையும் இவனே பாத்துப்பான்" என்றார். ஷாஜின் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பின்சீட்டில் பையன்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்த வார்த்தை மூன்று பேருக்குத்தான் தெரியும். சாயங்காலத்துக்குள் இரண்டு பேருக்கு என்று ஆகிவிட்டது.

மறுநாள் போஸ்ட்மார்ட்டம் முடிந்து அவனைக் கொண்டுவந்தார்கள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அம்மாவின் பின்னால் நின்றிருந்தேன். லில்லி ஆன்ட்டி மகனைப் பார்ப்பதற்கு முன்னால் கணவரைப் பார்த்தார்.

"நீங்க சொன்னீங்க இல்ல?"

"சொன்னேன்" என்றார் நத்தானியேல்.

"சொல்லியுமா எறக்கினாரு?"

கூடியிருந்த ஐம்பது பேரும் கேட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்த 'சொன்னேன்' மேல் நடந்தது. பெண்டாட்டியிடம் சொன்னதைப் போலீசிடம் மாற்றிச் சொல்ல முடியாது. 'தண்ணீரில் இறக்க வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டும், ஆசிரியர் அஜாக்கிரதையாக' என்று புகாரில் எழுதிக் கொடுத்தார். என் அப்பா, "அவர்தான் விடச் சொன்னாரு" என்று சர்ச் கமிட்டியில் சொன்னபோது ஒரு பெரியவர் எழுந்து, "செத்த புள்ளையோட தகப்பன் மேல பழி போடறியே, நீயெல்லாம் வாத்தியாரா" என்றார். அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சஸ்பெண்ட் செய்தார்கள். செங்கல்பட்டில் கேஸ் நடந்தது. வாய்தாவுக்கு வாய்தா அப்பா அரக்கோணம் போய், அங்கே செங்கல்பட்டு பாசஞ்சருக்காகக் காத்திருந்து, போய், தேதி வாங்கிக்கொண்டு திரும்பி வருவார்.

அப்பா ஆரம்பத்திலிருந்து இன்னொன்றும் சொல்லிவந்தார். ஷாஜின் இறங்கிய இடத்தில் அலையே இல்லை. மற்றப் பையன்கள் குளித்த இடத்தில்தான் அலை அடித்தது. இவன் தனியாகத் தள்ளிப் போய், தண்ணீர் அமைதியாக இருந்த இடமாகப் பார்த்து இறங்கினான். அதனால்தான் அவர் அவனைத் திரும்பக் கூப்பிடவில்லை.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது நத்தானியேல் எல்லோர் முன்னாலும் அதைக் கேட்டார். "கடல்ல அலை இல்லாத எடம் ஏது சார்? அது இன்னா மாதனூர் ஏரித் தண்ணியா?"

சிலர் சிரித்தார்கள். அப்பா குடையை விரித்துக்கொண்டு நடந்தார். அன்றைக்கு மழை இல்லை.

நத்தானியேல் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வருடங்களைக் கடத்தினார் என்பது பின்னால் தெரிந்தது. 'தண்ணில விடுங்கன்னு சொன்னேன், வாஸ்தவம். அலையில விடுங்கன்னு சொன்னேனா? வாத்தியார் அலையைக் கண்ணால பாத்தாரு. பாத்துட்டும் விட்டாரு. அலையே இல்லைன்னு இப்போ பொய் சொல்றாரு.' இப்படித் தனக்குள் ஒரு நியாயம் வைத்திருந்தார். ஆனால் அலை என்றால் எவ்வளவு பெரியது, எப்படி வரும், எப்படி இழுக்கும் என்று அவருக்குத் தெரியாது. நாற்பத்திரண்டு வயதுவரை அவர் கடலைப் பார்த்ததில்லை. மகன் போன பிறகு பார்க்கவும் மனம் வரவில்லை.

டேனரி லேபில் ஒரு காலண்டர் தொங்கியது. பிக்மென்ட் விற்கிற வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பியது. 1998 ஜூலைத் தாளில், குன்றின் மேலிருந்து எடுத்த கடற்கரைப் படம். வரிசையாக அலைகள் வந்து உடைந்துகொண்டிருந்தன. மாதம் முடிந்ததும் மற்றவர்கள் தாளைத் திருப்பினார்கள். நத்தானியேல் அதைக் கிழித்து எடுத்துக்கொண்டார். அதைப் பார்த்து வரைய ஆரம்பித்தார்.

முதலில் கையில் இருந்ததை வைத்துத்தான் வரைந்தார். கலவைக் கப்பில் மிச்சம் இருக்கும் பிக்மென்ட், பைண்டர், தோலில் வேண்டாமென்று ஒதுக்கிய அடித்துண்டு. ஆனால் தோலுக்கான பைண்டர் மிருதுவானது. தோல் மடங்கும்போது பூச்சு வெடிக்கக் கூடாது என்று அப்படிச் செய்வார்கள். அது வேலூர் வெயிலில் கடைசிவரை இறுகவில்லை. பிசுபிசுவென்றே இருந்து, செக்‌ஷனில் பறக்கிற தோல் தூசியையெல்லாம் பிடித்துக்கொண்டது. ஒரே வாரத்தில் கடல் செம்மண் நிறமாகிவிட்டது.

வஹீத் பாய் பார்த்துவிட்டு, "பாலாத்துல வெள்ளம் வந்தா இப்படித்தான் இருக்கும்னு எங்க அப்பா சொல்வாரு. நீதான் இப்போ கண்ணுல காட்டிட்ட" என்றார்.

அடுத்த வாரம் நத்தானியேல் வேலூருக்குப் போய், லாங் பஜாரில் ஒரு ஸ்டேஷனரிக் கடையில் அக்ரிலிக் டியூப்கள் வாங்கினார். ஹார்டு போர்டை அறுத்து, வெள்ளை அடித்து வைத்தார். வீட்டில் வரைய முடியாது. ஞாயிறு சர்ச் முடிந்து டேனரிக்குப் போய், பழைய ஷேடு கார்டுகள் அடுக்கிய அறையில் உட்கார்ந்து வரைவார். வஹீத் பாய் வாட்ச்மேனிடம் சொல்லிவைத்திருந்தார்.

யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நிறத்தைப் பிரித்துப் பார்க்கிற கண் ஒன்றுதான் அவரிடம் இருந்தது. அலையை ஒரே நீலமாக அடித்தால் அது தார்ப்பாய் மாதிரி இருக்கிறது என்று முதல் மாதத்தில் புரிந்தது. அடியில் கருநீலமும் கொஞ்சம் பழுப்பும் வேண்டும். மேலே போகப் போகப் பச்சை. அலை மடிந்து விழப்போகிற விளிம்பில் தண்ணீர் மெலிதாக இருக்கும், வெயில் அதற்குள் புகுந்து வரும். அந்த இடத்தில் மட்டும் மஞ்சள் கலந்த பச்சையைத் தண்ணீர் மாதிரிக் கரைத்து, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக ஏழெட்டுப் பூச்சு கொடுத்தார். எங்கள் ஊர் வெயிலில் அக்ரிலிக் தட்டில் வைத்த ஐந்து நிமிடத்தில் தோல் கட்டிவிடும். அதனால் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் தெளித்துக்கொண்டே வேலை செய்தார். நுரை வெள்ளை இல்லை என்பதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வருடம் ஆனது. வெயில் படுகிற முகட்டில்தான் வெள்ளை. மற்ற இடமெல்லாம் சாம்பலும் ஊதாவும். அலையின் முதுகில் நுரை வலைபோல் இழுபட்டுக் கிடக்கும். அந்த வலையின் ஓட்டைகள் மேலே போகப் போக நீண்டுகொண்டு போகும். காய்ந்த பிரஷ்ஷை லேசாக உரசி அதைக் கொண்டுவந்தார்.

மழைக்குப் பயந்து ஒரு படத்தை ஒரு தடவை வீட்டுக்குக் கொண்டுவந்தார். லில்லி ஆன்ட்டி அதைச் சுவரில் சாய்த்துவைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுல அவன் எங்க?"

"இன்னும் போடல."

"போடாதீங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனார்.

2001 ஜனவரிக்குள் அதே காலண்டரைப் பார்த்து பதினோரு படங்கள் வரைந்துவிட்டார். பதினோராவது படம் முடிந்த அன்று வஹீத் பாய் அந்த அறைக்கு வந்தார். படத்தையும் காலண்டர் தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் பிடித்து, தோலைப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"நத்தானி, இது ரிஜெக்ட்."

"இன்னா பாய் கோளாறு?"

"ஷேடு எல்லாம் பர்ஃபெக்ட்டு. ஆனா சாம்பிள்ல இந்த எடத்துல நுரை இருக்கா?"

காலண்டர் படத்தின் நடுவில், கரையிலிருந்து கடலை நோக்கி, இருண்ட பட்டை ஒன்று போனது. அதன் இரண்டு பக்கமும் அலைகள் உடைந்து நுரைத்தன. பட்டைக்குள் ஒன்றும் இல்லை.

"அது பிரிண்டு டல்லா விழுந்த எடம் பாய். நான் சரி பண்ணிருக்கேன்."

"பதினொண்ணுலயுமா?"

"ஆமா."

"பையர் குருடனாவே இருந்தாலும் சாம்பிள்படிதான் போவணும்னு எனக்குப் பாடம் எடுத்தவனே நீதான. சாம்பிளை சரி பண்ண நீ யாரு?"

நத்தானியேல் சிரித்துவிட்டார். அவர் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது என்று வஹீத் பாய் சொன்னார். தோலில் ஒரு திட்டு மங்கலாக இருந்தால் கை தானாகப் போய் நிரப்பிவிடும். இருபத்தைந்து வருடப் பழக்கம். அந்தக் கை பதினோரு தடவையும் கடலின் அந்தப் பட்டையை நிரப்பிவிட்டிருந்தது.

பன்னிரண்டாவது படத்தை சாம்பிளில் உள்ளபடியே வரைந்தார். பட்டைக்குப் பக்கத்தில் வந்தபோது ஒன்று கவனித்தார். இரண்டு பக்கத்து நுரைக் கோடுகளும் பட்டையின் ஓரத்தில் கடல் பக்கமாக வளைந்திருந்தன. பிரிண்டு மங்கினால் நிறம் மங்கும். கோடு வளையாது. பட்டைக்குள் தண்ணீரின் நிறமும் வேறு. சுற்றிலும் பச்சை, உள்ளே கலங்கிய கருமை. படத்தை முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது அந்த இடம் மட்டும் கிணறு போல இருந்தது. வேறு எங்கேயும் இறங்கப் பயமாக இருக்கும். அங்கே இறங்கலாம் என்று தோன்றும்.

பிப்ரவரியில் டேனரிக்கு லீவு போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மகாபலிபுரம் போனார். மகன் போன கரையைக் கேட்டுக் கண்டுபிடித்தார். காலை வெயிலில் அலைகள் வந்து உடைந்துகொண்டிருந்தன. ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். இடது பக்கம், முந்நூறு அடி தள்ளி, அலை உடையாத ஒரு இடம் இருந்தது. இருபது அடி அகலம் இருக்கும்.

பக்கத்தில் ஒருவர் படகு நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். நத்தானியேல் அவரிடம் போய்க் கேட்டார். "அங்க மட்டும் ஏன்பா அலை ஒடையல?"

அவர் நிமிரவில்லை. "இவ்ளோ தண்ணி கரைக்கு வருதே, அது திரும்பிப் போவாணாமா? அதான் வழி."

"பாத்தா சும்மா இருக்கே."

"சும்மாதான் இருக்கும். கால வச்சாத் தெரியும். ஊர்க்காரன் எவனும் அங்க எறங்க மாட்டான். வெளியூர்க்காரங்கதான் நல்ல எடமா கீதேன்னு எறங்குவாங்க."

"நீச்சல் தெரிஞ்சா?"

"தெரிஞ்சவன்தான் போவான். தெரியாதவன் கரையிலயே நிப்பான்." வலைக்காரர் இப்போதுதான் தலையைத் தூக்கினார். "இன்னா, குளிக்கப் போறியா?"

"இல்ல" என்றார் நத்தானியேல்.

திரும்பி வந்து ஒரு பெரிய போர்டில் தான் பார்த்த கடலை வரைந்தார். நான்கடி நீளம், மூன்றடி உயரம். ஐந்து மாதம் ஆனது. அதற்குள் சாட்சி சொல்ல வரும்படி கோர்ட்டிலிருந்து சம்மன் வந்துவிட்டது. ஆகஸ்ட் பதினான்காம் தேதி.

அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பு, ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். நான்தான் திறந்தேன். ஐந்து வருடமாக எங்கள் வாசலை மிதிக்காதவர், பாலிதீன் சுற்றிய போர்டைத் தலைமேல் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

"சார் இருக்காரா பாப்பா?"

அம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பா டியூஷன் நோட்டுகளை மூடிவைத்துவிட்டு எழுந்தார். இருவரும் வணக்கம் சொல்லிக்கொள்ளவில்லை. நத்தானியேல் பாலிதீனைப் பிரித்து, போர்டை நாற்காலியில் நிறுத்தினார்.

நான் அதற்கு முன் எத்தனையோ கடல் படம் பார்த்திருக்கிறேன். இது வேறு. வெயில் புகுந்த பச்சை அலை ஒன்று முகத்துக்கு நேராக எழுந்து நின்றது. விழாமல் எப்படி நிற்கிறது என்றுதான் தோன்றியது. அதற்கு இடப்பக்கம் இருண்ட அந்த வழி. அப்பா அதைப் பார்த்ததும் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"இது தான சார்?"

"இதேதான்" என்றார் அப்பா.

"எங்க எறங்கினான்?"

அப்பா கிட்டே போய் விரலை வைத்தார். "இங்க. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். இங்க."

"அப்புறம்?"

"இடுப்பு ஆழம் வரைக்கும் நடந்தான். அப்புறம் படுத்து நீந்தினான். நல்லா நீந்தினான். நான் நெனச்சதைவிட சீக்கிரமா உள்ள போய்ட்டான். இங்க." விரல் படத்தின் மேலே நகர்ந்தது. "இங்க வந்ததும் திரும்பிப் பாத்தான்."

"பாத்தானா?"

"பாத்தான்." அப்பா விரலை எடுக்கவில்லை. "கையைத் தூக்கினான். நான் வெளையாட்டுக்குன்னு நெனச்சேன் நத்தானியேல். நானும் கையைத் தூக்கி ஆட்டினேன்."

அதை நான் அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன். அம்மாவும் கேட்டார் என்று நினைக்கிறேன். சமையல்கட்டில் சத்தம் நின்றுவிட்டது.

நத்தானியேல் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அழவில்லை. "நான் சொன்னதாலதான சார் விட்டீங்க" என்று கேட்டார்.

"ஆமா. இல்லன்னா யாரையும் முட்டிக்கு மேல விட்டிருக்க மாட்டேன்."

"கோர்ட்ல சொல்லிடறேன்."

"லில்லிக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவ மூஞ்சிக்கு நேரா சொல்ற தெம்பு இல்ல சார். ஜட்ஜு கிட்டன்னா சொல்லிடுவேன்."

அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நான் எழுதத்தான் வேண்டும். முதலில் வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம். ஐந்து வருடமாகச் சம்பளம் பாதியாகி, மரியாதை முழுதும் போயிருந்த மனிதர். நத்தானியேல் பாலிதீனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். படத்தை எடுத்துப் போகவில்லை.

ஆகஸ்ட் பதினான்காம் தேதி நத்தானியேல் சாட்சிக் கூண்டில் ஏறி நின்றார். அரசு வக்கீல் கேட்டார், "உங்க மகனைத் தண்ணில எறக்க வேணாம்னு ஆசிரியர் கிட்ட சொன்னீங்க. சரிதான?"

"சொல்லல சார். எறக்கச் சொன்னேன்."

வக்கீல் பேப்பரைப் புரட்டினார். "போலீஸ்ல வேற மாதிரி எழுதிக் குடுத்திருக்கீங்களே."

"அது பொய் சார்."

"இன்னிக்கு இதைச் சொல்லச் சொல்லி யார் உங்களை மெரட்டினது?"

"யாருமில்ல."

அரசு வக்கீல் அவரைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கும்படி கேட்டுக்கொண்டார். தன் தரப்புக்கு எதிராகத் திரும்பிவிட்ட சாட்சி என்று அதற்குப் பொருள். அப்பாவின் வக்கீல் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நத்தானியேல் ஆமாம், ஆமாம் என்று பதில் சொல்லிவிட்டு இறங்கினார். அப்பா கையசைத்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நத்தானியேல் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. அரக்கோணம்வரை இருவரும் ஒரே பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து வந்தார்கள். ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை என்று அப்பா சொன்னார்.

2002 பிப்ரவரியில் அப்பாவை விடுதலை செய்தார்கள். பள்ளிக்கூடத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ள மனு போட்டார். பதில் வருவதற்குள் ரிட்டையர் ஆகும் தேதி வந்துவிட்டது. சர்ச்சில் பேச்சு இப்போது நத்தானியேல் பக்கம் திரும்பியது. வாத்தியார் வீட்டில் காசு வாங்கிக்கொண்டு பெற்ற பிள்ளைக்கு எதிராகச் சாட்சி சொன்னவன் என்றார்கள். லில்லி ஆன்ட்டியிடமும் அப்படித்தான் சொன்னார்கள். அவர் கணவரிடம் கேட்டார். கணவர் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் ஆன்ட்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் தீர்ப்பின் நகல். கணவரின் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்திருந்தார். நான் அப்போது வேலூரில் காலேஜில் இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் வெளியே போயிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து வந்தார் என்று பிறகு தோன்றியது.

"ஹெப்சி, இது இங்கிலீஷ்ல இருக்கு. அவர் சொன்னது எந்த எடத்துல இருக்கு, அதைப் படி. நீயா எதையும் சேக்காத. விடவும் விடாத."

நான்காவது பக்கத்தில் இருந்தது. நான் தமிழில் சொன்னேன். "முதல் சாட்சி தன் சாட்சியத்தில், தன் மகன் நன்றாக நீந்தக்கூடியவன் என்றும், அவனைத் தண்ணீரில் இறங்க அனுமதிக்கும்படி தானே எதிரியிடம் கேட்டுக்கொண்டதாகவும் கூறியுள்ளார்."

"எதிரின்னா யாரு?"

"அப்பாதான் ஆன்ட்டி. கோர்ட்ல அப்படித்தான் சொல்வாங்க."

"இன்னொரு வாட்டி படி."

படித்தேன். அவர் மடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"காசு வாங்கினதா எழுதியிருக்கா?"

"இல்ல."

"உங்க அப்பா குடுத்தாரா?"

"இல்ல ஆன்ட்டி. நாங்க எங்க போறது காசுக்கு."

"அப்போ நெஜம்தான்." தாளின் மேல் விரலை வைத்தார். "காலைல நான் அவர் கிட்ட சொல்லி அனுப்பினேனே, எறக்க வேணாம்னு சொல்லச் சொல்லி. அது எந்தப் பக்கத்துல இருக்கு?"

எல்லாப் பக்கங்களையும் ஒரு தடவை புரட்டினேன். இல்லை என்று தெரிந்தும் புரட்டினேன்.

"அது இல்ல ஆன்ட்டி."

"ஒரு வரி கூடவா?"

"இல்ல."

தீர்ப்பை வாங்கி நான்காக மடித்துக்கொண்டு எழுந்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொள்ளும்போது, சுவரோரம் திருப்பி வைத்திருந்த போர்டைப் பார்த்தார். அது என்ன என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நத்தானியேல் ஐந்து வருடம் இருந்தார். ஸ்ப்ரே புகை நெஞ்சில் இறங்கி, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும் நிலைக்கு வந்து, வேலையை விட்டார். பிறகு ஒரு படமும் வரையவில்லை. லில்லி ஆன்ட்டி அவரை விட்டுப் போகவில்லை. ஷிஃப்ட்டுக்குப் போகுமுன் சமைத்து மூடிவைப்பார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வரிசையில் நிற்பார். பேச்சு மட்டும் கிடையாது. டாக்டர் கேட்பதைக்கூட அவரிடம் திருப்பிக் கேட்காமல் தானே பதில் சொல்லிவிடுவார். வஹீத் பாய் ஒரு தடவை, "ஒரு வார்த்தை பேசிடும்மா, மனுஷன் ரொம்ப நாள் தாங்க மாட்டான்" என்று கேட்டுக்கொண்டார். "டீ குடிங்க பாய்" என்றார் ஆன்ட்டி.

என் அப்பா 2005-ல் இறந்தார். நத்தானியேல் 2007 நவம்பரில். அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஷாஜினுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். குழி வெட்டுகிறவர்கள் அங்கேதான் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். லில்லி ஆன்ட்டி போதகரைத் தனியாகக் கூப்பிட்டு, அது தனக்கு வேண்டும் என்று சொன்னார். நத்தானியேலை இரண்டு வரிசை தள்ளி வைத்தோம்.